புல்லரிக்குது ஸார்!

வெளியே கிளம்பும்போது ஒற்றைத் தும்மல் போட்டால் ஆகாது. ஒரு வாய் தண்ணீர் குடித்து, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போக வேண்டும். இரட்டைத் தும்மல் என்றால் போகிற காரியம் ஜெயம். இது நம் பாட்டிமார்களின் தும்மல் சாஸ்திரம். லண்டன் ஹைட் பார்க்கில், ஜூன் மாத இளவெயிலில், ஒரு மனுஷன் நிறுத்தாமல் பதினேழு தும்மல் போட்டால் என்ன பலன் என்று மட்டும் அவர்கள் சொல்லி வைக்கவில்லை. நான் சொல்கிறேன். ஹே ஃபீவர்!

பெயரில் இருப்பது இரண்டே வார்த்தை. இரண்டுமே டூப். 'ஹே' என்றால் அறுத்துக் காயவைத்த புல். நிஜமான குற்றவாளி அது இல்லை, வயலில் உயிரோடு நிற்கிற புல். 'ஃபீவர்' என்றால் ஜுரம். தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள், நார்மல்தான் காட்டும். தமிழில் இதை 'வைக்கோல் காய்ச்சல்' என்று யாரோ மொழிபெயர்த்துவிட்டார்கள். பாவம், நெல்லைப் பெற்றுக் கொடுத்துவிட்டு மாட்டுக்குத் தீனியாகிற வைக்கோல் இந்த வழக்கில் எங்கே வந்தது?

சமாசாரம் இதுதான். புல் பூக்கும். பூத்தால் மகரந்தம். வண்டு, தேனீ எதையும் நம்பாமல், காற்றில் தூவிவிடும். ஒரு புல்லுக்குக் கல்யாணம் ஆகவேண்டும் என்றால் கோடிக்கணக்கில் பத்திரிகை அடித்து ஊர் பூராவும் வீசுகிற மாதிரி. அதில் நூற்றில் ஒன்றுகூட சம்பந்தி வீட்டுக்குப் போவதில்லை. மீதியெல்லாம் உங்கள் மூக்கில். மூக்கு அதைப் பார்த்து 'எதிரி வந்தாச்சு' என்று அலறி ஹிஸ்டமினை அவிழ்த்துவிட, அப்புறம் குழாய் திறந்தது போலத்தான்.

இங்கிலாந்தில் மே கடைசியில் ஆரம்பித்து ஜூலை வரை புல்லின் முகூர்த்த சீஸன், ஜூனில் உச்சம். நமக்கு எப்போது லீவ்? பையனுக்கு ஸ்கூல் மூடி, ஆபீஸில் லீவ் சாங்ஷன் ஆகி, சொசைட்டி லோன் கைக்கு வந்து, விசா குத்தி, கிளம்பினால்... கரெக்டாக அதே முகூர்த்தம்!

சரி, வந்துவிட்டது. நம்மவர் என்ன செய்கிறார்? 'தண்ணி மாறிப்போச்சு', 'க்ளைமேட் ஒத்துக்கலை' என்று ஜலதோஷக் கணக்கில் எழுதுகிறார். சூட்கேஸில் கொண்டுபோன மிளகை அரைத்து ரசம் வைத்துக் கொடுக்கிறார் மனைவி. ரசம் நல்லதுதான், குடியுங்கள். ஆனால் இது அது இல்லை. ஜலதோஷம் என்றால் உடம்பு வலிக்கும், தொண்டை கட்டும், மூக்குச் சளி கெட்டியாகும், ஒரு வாரம் பத்து நாளில் கிளம்பிவிடும். ஹே ஃபீவரில் மூக்கு பச்சைத் தண்ணீராக ஒழுகும். கண் அரிக்கும். மேல் அண்ணத்தில், நாக்கு எட்டியும் எட்டாத இடத்தில், ஓர் அரிப்பு வரும் பாருங்கள், சொரியவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. அறைக்குள் இருந்தால் தேவலை, பார்க்குக்குப் போனால் மோசம் என்றால் சந்தேகமே வேண்டாம்.

அழகான பூக்களைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. தேவையில்லை. ரோஜாவும் டூலிப்பும் கலர் காட்டிப் பூச்சிகளை அழைக்கிற ஜாதி. அவற்றின் மகரந்தம் பிசுபிசு, கனம். காற்றில் அதிகம் பறக்காது. கலரும் இல்லாமல் வாசனையும் இல்லாமல் ஓரமாக நிற்கிறதே, அந்தச் சாது ஆசாமிதான் காலை வாரும். (ஆபீஸிலும் இப்படித்தான் என்கிறார் பக்கத்து டேபிள்காரர்.) ஜப்பானில் ஸகுரா பூக்கிற சமயம் பாதி ஜனம் மாஸ்க்கோடு தும்முவதைப் பார்த்து, டூரிஸ்ட்டுகள் செர்ரிப் பூவைச் சந்தேகப்படுவார்கள். அது நிரபராதி. மலைச்சரிவில் நிற்கும் 'ஸுகி' என்கிற ஊசியிலை மரம்தான் காரணம். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு கட்டட மரத்துக்காக மலை மலையாக நட்டார்கள். பிறகு வெளிநாட்டு மரம் மலிவாக வந்திறங்க, வெட்டுவார் இல்லாமல் வளர்ந்து நிற்கின்றன. பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை அவை தூவ, தேசம் தும்முகிறது.

நம் சினிமா ஹீரோக்கள் ஸ்விட்சர்லாந்துப் புல்வெளியில் ஹீரோயினோடு மேலிருந்து கீழே உருண்டுகொண்டே வருவார்களே, ஒருத்தராவது ஒரு தும்மல்? எனக்கு ரொம்ப நாளாக இந்தச் சந்தேகம். முழங்கால் உயரப் புல்லில் ஜூன் மாதம் அப்படி உருண்டால், அலர்ஜிக்காரருக்கு இரண்டாவது சரணம் வருவதற்குள் கண் இரண்டும் போண்டா மாதிரி வீங்கிவிடும். ஆனால் ஒட்ட வெட்டின புல் பரவாயில்லை. விம்பிள்டன் கோர்ட்டில் புல்லை 8 மில்லிமீட்டருக்கு வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்த உயரத்தில் அது எங்கே பூக்கிறது? அங்கே யாராவது தும்மினால் கேஸ் வெளியூர்ப் புல் மீதுதான்.

இந்த வியாதியை முதலில் ஒழுங்காக எழுதி வைத்தவர் ஜான் பாஸ்டாக் என்கிற டாக்டர். 1819-ல் லண்டனில் மருத்துவ சங்கத்தில் ஒரு கேஸ் வாசித்தார். நோயாளி பெயர் ஜே.பி., வயது 46, எட்டு வயதிலிருந்து வருஷா வருஷம் ஜூனில் அவஸ்தை. ஜே.பி. யார் என்று கண்டுபிடிக்க துப்பறியும் சாம்பு வேண்டாம், அவரேதான்! ரத்தத்தை எடுத்துப் பார்த்தார், அபின் சாப்பிட்டார், பச்சைத் தண்ணீரில் குளித்தார். ஒன்றும் நடக்கவில்லை. வெயில்தான் காரணம் என்று கடைசி வரை தப்பாக நினைத்துக்கொண்டிருந்தார். ஆனால் ராம்ஸ்கேட் என்ற கடற்கரை ஊரில் போய்த் தங்கினபோது மட்டும் நிம்மதியாக மூச்சுவிட்டார்.

1827-ல் 'தி டைம்ஸ்' பத்திரிகையிலேயே நியூஸ். டெவன்ஷயர் பிரபுவை இந்த ஹே ஃபீவர் வருஷா வருஷம் லண்டனிலிருந்து ஏதாவது ஒரு துறைமுக ஊருக்கு விரட்டுகிறதாம். அந்தக் காலத்துச் சீமான்கள் தும்மலிலிருந்து தப்பிக்க ஹாலிடே போனார்கள். நாம் லோன் போட்டு ஹாலிடே போய்த் தும்மலை வாங்கி வருகிறோம்.

குற்றவாளியைப் பிடித்தவர் மான்செஸ்டர் டாக்டர் சார்லஸ் ப்ளாக்லி. அவருக்கும் அதே வியாதி. மகரந்தத்தைத் தானே முகர்ந்து தும்மினார். கையைக் கீறி அதில் தேய்த்துத் தடிப்பு வருகிறதா பார்த்தார். பிசின் தடவின கண்ணாடியைக் காற்றாடியில் கட்டி 1,000 அடிக்கு மேல் பறக்கவிட்டு, அவ்வளவு உயரத்திலும் மகரந்தம் இருப்பதைக் காட்டினார். 1873-ல் புத்தகமாகப் போட்டார். மாஞ்சா போடாத காற்றாடிக்கு இப்படி ஒரு பெருமை!

பாஸ்டாக்கும் பிரபுவும் அனுபவத்தில் கண்டதுதான் டூர் போகிறவருக்கு இன்றைக்கும் முதல் யோசனை. கடலிலிருந்து அடிக்கிற காற்றில் மகரந்தம் குறைவு. கிராமத்துப் பக்கம், பண்ணை வீடு என்று ப்ளான் போட்டிருந்தால் அதை ஜூலை கடைசிக்குத் தள்ளி, ஜூனில் ப்ரைட்டன் போகலாம். (மணல் தேடாதீர்கள், பூராவும் கூழாங்கல். சுண்டலும் கிடையாது.) அல்லது உயரமாகப் போகலாம். ஸ்விட்சர்லாந்தில் 3,454 மீட்டரில் யுங்ஃப்ராவ்யோக் ரயில் ஸ்டேஷனில் இறங்கினால் எங்கும் பனி, புல்லுக்கு வேலையே இல்லை. பிரிட்டனில் வானிலை இலாகாவே சீஸனில் மகரந்த ஜோசியமும் சொல்கிறது. 'வெரி ஹை' என்று போட்டிருக்கிற நாளில் மியூஸியம் பாருங்கள். இரவு ஜன்னலைச் சாத்தி, தலைக்குக் குளித்துவிட்டுப் படுங்கள். நாள் பூரா சேர்ந்த தூள் தலைமுடியிலிருந்து தலையணைக்கு இறங்கும். மூக்கு விளிம்பில் கொஞ்சம் வாஸலைன் தடவினால் வருகிற தூளில் கொஞ்சம் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். போட்டோவில் கொஞ்சம் மினுமினுக்கும், பாதகமில்லை.

இனி மாத்திரை. இங்கேதான் ஹாலிடே போண்டியாகிறது.

எங்கள் ஆபீஸ் நண்பர் ஒருவர், மனைவியோடு பன்னிரண்டு நாள் ஐரோப்பா பஸ் டூர் போனார். பாரிஸில் தும்மல் பிடித்துக்கொண்டது. ஊரிலிருந்து யாரோ கொடுத்தனுப்பிய குளோர்ஃபெனிரமின் மாத்திரையை வேளைக்கொன்றாகப் போட்டார். தும்மல் நின்றது. அவரும் நின்றுவிட்டார்! பெல்ஜியம் என்ற தேசத்தை அவர் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை ஜன்னலில் தலை சாய்த்து, வாய் திறந்து கடந்திருக்கிறார். ஆல்பத்தில் முப்பது போட்டோ. எல்லாவற்றிலும் கண் மூடியிருக்கிறது.

"தியானம் பண்றீங்களா ஸார்?" என்று கேட்டேன்.

"அவர் எங்கே பார்த்தார் அண்ணா? இரண்டு வருஷம் கட்டின சீட்டுப் பணம்... ரைன் நதியில போட் போனோம், இவர் குறட்டை விட்டதைத்தான் எல்லோரும் வேடிக்கை பார்த்தாங்க" என்றார் அவர் மனைவி. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அந்தச் சிரிப்பு கண் வரை போகவில்லை.

ஏவில், குளோர்ஃபெனிரமின் எல்லாம் பழைய தலைமுறை. மூளைக்குள் போய் விளக்கை அணைத்துவிடும். அதைப் போட்டுவிட்டு வெளிநாட்டில் வாடகைக் கார் ஓட்டுகிற விளையாட்டே வேண்டாம். புதிய தலைமுறையில் லோராடடின், ஃபெக்ஸோஃபெனடின் அதிகம் தூக்கம் தராது. ஸெடிரிஸின் பெரும்பாலோருக்குப் பரவாயில்லை, சிலருக்குச் சொக்கும். நீங்கள் எந்த ஜாதி என்பதை ஈஃபில் டவர் அடியில் போய் டெஸ்ட் பண்ணாமல், டாக்டரிடம் கேட்டுவிட்டு, மாம்பலத்திலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டுப் பாருங்கள். ஃபெக்ஸோஃபெனடினை ஆரஞ்சு ஜூஸ், ஆப்பிள் ஜூஸோடு விழுங்கினால் மருந்து சரியாக உடம்பில் சேராது. வெறும் தண்ணீர் போதும். மூக்கில் அடிக்கிற ஸ்டீராய்டு ஸ்ப்ரே ரொம்ப நல்ல மருந்து. ஆனால் முழு பலன் தர ஒன்றிரண்டு வாரம் ஆகும் என்பதால், ப்ளேன் ஏறும் முன்பே ஆரம்பிக்க வேண்டும். அடைப்பைச் சட்டென்று திறக்கிற சொட்டு மருந்து தனி. நாலைந்து நாளுக்கு மேல் போட்டால் அடைப்பு முன்னைவிட ஜாஸ்தியாகத் திரும்பி வரும். மருந்தெல்லாம் கைப்பையில், சீட்டோடு. ஜப்பான் போகிறவர்கள் மாத்திரை அட்டையில் ஸூடோஎஃபெட்ரின் என்று இருக்கிறதா பார்க்கவும். அங்கே அதற்குக் கட்டுப்பாடு உண்டு. 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் உள்ளேயே விடமாட்டார்கள்.

'போன தடவை போனேன், ஒரு தும்மல்கூட இல்லையே' என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பல பேருக்கு முதல் தடவை வராது. உடம்பு அந்த ஊர்ப் புல்லை அடையாளம் தெரிந்துகொள்ள ஒன்றிரண்டு சீஸன் ஆகும். கம்பெனி வேலையாய்ப் போய் இரண்டு மூன்று வருஷம் தங்கிய பையன்கள் திடீரென்று ஒரு வசந்தத்தில் தும்ம ஆரம்பிப்பது இதனால்தான். அலர்ஜி குடும்பச் சொத்து உள்ளவர்களுக்கு இன்னும் சுலபம்.

இதை வெறும் தும்மல் சமாசாரமாக நினைத்துச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே மெல்போர்னையும் சொல்லிவிட வேண்டும். பூமத்திய ரேகைக்குக் கீழே எல்லாம் தலைகீழ். அங்கே புல் சீஸன் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. தம்பி வீடு, பெண் வீடு, கிரிக்கெட் என்று நம்மவர்கள் போகிற அதே மாதங்கள். 2016 நவம்பர் 21, மாலை. வெயில் கொளுத்தின நாள். திடீரென்று இடியும் புயல் காற்றும் வந்தன. ரை புல்லின் மகரந்தம் சாதாரணமாக மூக்கோடு நின்றுவிடுகிற சைஸ். இடிமழையின் ஈரத்தில் அது வெடித்து, ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான துணுக்குகளாகி, நேரே நுரையீரலுக்குப் போனது. ஆஸ்பத்திரிகளின் அவசர வார்டுகளில் வழக்கத்தைவிட 3,000 பேருக்கு மேல் அதிகம். பத்துப் பேர் இறந்துபோனார்கள். வந்தவர்களில் பலருக்கு அதற்கு முன் ஆஸ்துமாவே கிடையாது, ஹே ஃபீவர் மட்டும்தான். ஆசிய, இந்திய வம்சாவளிக்காரர்கள், ஊரில் அவர்கள் இருக்கிற கணக்கைவிட மிக அதிகமாகப் பாதிக்கப்பட்டார்கள்.

2017-லிருந்து அந்த மாகாணத்தில் சீஸன் பூரா இடிமழை ஆஸ்துமாவுக்கென்று தனி எச்சரிக்கை சொல்கிறார்கள். அங்கே தும்முகிற தம்பி, மாப்பிள்ளை யாராவது இருந்தால், அதைப் பார்க்கிறார்களா என்று அடுத்த போனில் கேளுங்கள். இளைப்பு எப்போதாவது வந்திருந்தால் டாக்டரைப் பார்த்து இன்ஹேலர் வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. மழைக்கு முன்னால் காற்று வீசினால் நமக்கெல்லாம் மண்வாசனைக்கு மொட்டை மாடிக்கு ஓடுகிற பழக்கம். மெல்போர்ன் நவம்பரில், சரியாக அந்த நிமிஷத்தில், உள்ளே வந்து ஜன்னலைச் சாத்திக்கொள்ள வேண்டும். பஜ்ஜியை உள்ளேயே போட்டுக்கொள்ளலாம்.