வேண்டாத வாய்க்கால்

முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் கம்பம் பள்ளத்தாக்கில் கால்வாயாய், வாய்க்காலாய்க் கிளை பிரிந்து வயல்தோறும் பாய்வதை அறியாதார் நம்மில் யார்? மனித உடலும் ஒரு பாசன பூமியே. குழந்தை வளரவும் புண் ஆறவும் புதிய குருதிக் குழாய்கள் கிளைத்தாக வேண்டும். ஆனால், வேண்டாத இடத்தில் வாய்க்கால்கள் பெருகினால் என்ன ஆகும்?

சில குழந்தைகளுக்குப் பிறந்த சில வாரங்களில் முகத்திலோ உடலிலோ தோன்றும் செந்நிறக் குருதிக்கட்டி அப்படிப்பட்டதுதான். முதல் ஐந்து மாதங்களில் அது விரைந்து வளரும். பெரும்பாலானவை ஆண்டுகள் செல்லச் செல்லத் தாமே சுருங்கிவிடும். ஆனால், கண்ணருகே வளர்வது பார்வையைக் கெடுக்கலாம்; மூக்கிலும் உதட்டிலும் வளர்வது முகத்தைச் சிதைக்கலாம்.

கிராமத்திலே இதற்குச் சொல்லப்படும் காரணம் யாது? "கிரகணத்தன்று தாய் வெளியே வந்தாள்" என்பதே! குற்றமற்ற தாயின் மீது பழி. பொன்னான மாதங்கள் வீண்.

இதற்கு மருந்து கிடைத்த கதை வியப்பானது. இதயப் படபடப்பைத் தணித்துத் துடிப்பைச் சீராக்கும் புரோப்ரனலால் என்னும் மருந்தை 1960-களில் உருவாக்கியவர் ஜேம்ஸ் பிளாக். 1988-இல் நோபல் பரிசு பெற்றவர். பிரான்சு நாட்டின் போர்தோ நகரில், மூக்கில் குருதிக்கட்டி கொண்ட ஒரு குழந்தைக்கு, இதயத் தசை தடித்ததற்காக இம்மருந்தைக் கொடுத்தனர். மறுநாளே கட்டியின் நிறம் மாறியது, அது மென்மையுற்றது! கண்ணெதிரே கண்டதை மருத்துவர்கள் அலட்சியம் செய்யவில்லை. வேறு குழந்தைகளுக்கும் கொடுத்துப் பார்த்து, 2008-இல் உலகுக்கு அறிவித்தனர். 2014-இல் அமெரிக்க அரசும் இச்சிகிச்சைக்கு ஒப்புதல் அளித்தது. குருதிக் குழாய்களைச் சுருக்குவதோடு, புதியவை முளைக்கத் தூண்டும் பொருள்களையும் இம்மருந்து குறைக்கிறது என்பது விஞ்ஞானிகள் கருத்து. மடையை அடைத்து வாய்க்காலை வற்றச் செய்வது போன்றது இது.

"அப்படியானால் தாத்தாவின் மாத்திரையில் கொஞ்சம் பொடித்துக் கொடுத்தால் என்ன?" என்று கேட்பவரும் உண்டு. இது கிரகணக் கதையினும் கொடிய மூடத்தனம்! அளவு தவறினால் பச்சிளங் குழந்தையின் நாடித்துடிப்பு தளரும். குருதியில் சர்க்கரை இறங்கும். இழைப்பு உள்ள குழந்தைக்கு மூச்சே திணறும். தவிர, செந்நிறத் தழும்புகள் எல்லாம் குருதிக்கட்டிகளும் அல்ல. தேர்ந்த மருத்துவரே பார்த்துச் சொல்ல வேண்டும். இன்னொன்று: இதைக் கேள்வியுற்று, "என் மாத்திரை குருதிக் குழாயை வளர விடாதாமே" என்று பெரியவர்கள் மருந்தை நிறுத்துவதும் ஆபத்து. இதய நோயாளி இம்மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் மாரடைப்பே வரக்கூடும். இதயத் துடிப்புக்கான மருந்துகள் எல்லாம் ஒரே தன்மையன என்று எண்ணுவதும் தவறு.

"கலைக்கல்லூரியில் படிக்கும் நமக்கு மருத்துவம் எதற்கு?" என்று நண்பர்கள் கேட்கலாம். மருந்து கொடுப்பது நம் வேலையன்று. சொல்லைக் கொண்டு சேர்ப்பது நம் வேலை. க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நிற்கிறது. ஆனால், அங்கே செல்லும் வழியை மறிப்பது மலையன்று, திண்ணைப் பேச்சு. அந்தத் திண்ணையில் பிறந்து வளர்ந்தவர்கள் நாம்தானே?

தெருவில் ஒரு குழந்தையின் கன்னத்தில் செந்நிறக் கட்டி வளரக் கண்டால், "தாயே, குற்றம் உன்னுடையதன்று, இந்த மாதமே மருத்துவரிடம் காட்டு" என்று சொல்வோம். நாம் கற்ற கல்விக்கு அதைவிடப் பயன் வேறென்ன வேண்டும்?