சேஷாசலத்தின் இரண்டு கோப்புகள்

1911 வரை வட ஆற்காடு மாவட்டத்துக்குத் தலைநகர் சித்தூர்தான். செம்மரம் வெட்டக் கூலிக்கு ஆட்கள் புறப்படும் ஜவ்வாது மலையின் ஒரு பகுதியும் அந்த மாவட்டத்திலேயே இருந்தது. பிறகு மாவட்டம் பிரிந்தது, மாநிலம் பிரிந்தது, 1960இல் திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. இன்றும் சித்தூர்க் கடைத்தெருவில் தமிழிலேயே பேசி ஒரு நாளை ஓட்டிவிடலாம். இப்படி உறவு கலந்த மண்ணில்தான் 2015 ஏப்ரல் 7 அதிகாலை, தமிழ்நாட்டு மரம்வெட்டிகள் 20 பேர் ஆந்திரச் செம்மரக் கடத்தல் தடுப்புத் தனிப்படையால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். திருப்பதியை அடுத்த சந்திரகிரி மண்டலத்தில், ஸ்ரீவாரி மெட்டுக்கு அருகில், சேஷாசலக் காட்டின் இரண்டு இடங்களில் உடல்கள் கிடந்தன.

கல்லும் கோடரியுமாகத் தாக்க வந்தார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது காவல்துறை. பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தவர்களை இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று தப்பி வந்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் சொன்னார்கள். இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணம் தரும்படி ஆணையம் பரிந்துரைத்தது. இவ்வகை மோதல் சாவுகளில் உடனே வழக்குப் பதிய வேண்டும், சுட்டவர்களுக்குத் தொடர்பில்லாத வேறு பிரிவு விசாரிக்க வேண்டும், அவசரமாகப் பதக்கமோ பதவி உயர்வோ தரக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2014 செப்டம்பரிலேயே விதித்திருந்தது. அந்தத் தீர்ப்பு வந்து ஏழு மாதம்கூட ஆகவில்லை.

இந்தக் கோப்புக்கு முந்திய கோப்பு ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் அதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. 2013 டிசம்பரில் அதே காட்டில் வனத்துறையினர் இருவரை மரம்வெட்டிகள் அடித்துக் கொன்றார்கள். அவர்களுக்கும் வீடு உண்டு, பிள்ளைகள் உண்டு. செம்மரக் கட்டை சீனாவில் மேசை நாற்காலியாகவும் ஜப்பானில் இசைக்கருவியாகவும் மாறி யார் யாரையோ பணக்காரர் ஆக்குகிறது. காட்டுக்குள் எதிரெதிரே நின்று சாகிறவர்களோ அன்றாடக் கூலியும் கடைநிலை ஊழியருமே. கூலிக்கு ஆள் பிடிக்கும் ஏஜெண்டு அந்தக் காட்டுப் பக்கமே வருவதில்லை.

இந்த இரு தரப்பினரையும் ஒரே அறையில் உட்காரவைக்க முடியுமா? அதைவிடக் கடினமானதை ஆந்திரம் முயன்று பார்த்திருக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கத்தில் பிறந்து ஆந்திரத்தில் பணியாற்றிய ஐ.ஏ.எஸ். அதிகாரி எஸ்.ஆர்.சங்கரனை 1987இல் நக்சலைட்டுகள் கடத்தினார்கள். அதே சங்கரன் ஓய்வுக்குப் பிறகு, 1997இல், அக்கறையுள்ள குடிமக்கள் குழுவை அமைத்தார். மதுரையில் பிறந்த வழக்கறிஞர் கே.ஜி.கண்ணபிரானும் அதில் இருந்தார். போலி மோதல்களைப் பற்றி அரசிடமும், ஆயுதக் குழுக்கள் செய்யும் கொலைகளைப் பற்றி அவற்றிடமும் ஒரே குரலில் கேட்டார்கள். இரண்டு பக்கத்திலும் அவர்களுக்கு ஏச்சுதான் கிடைத்தது.

2003 அக்டோபர் 1 அன்று திருப்பதி அலிபிரியில் முதல்வர் சந்திரபாபு நாயுடுவின் காரை நக்சலைட்டுகள் வைத்த கண்ணிவெடி தாக்கியது. அவர் உயிர் தப்பினார். மறு ஆண்டு அக்டோபரில் ஹைதராபாத்தில் அரசும் நக்சலைட்டுகளும் எதிரெதிரே உட்கார்ந்து நான்கு நாள் பேசினார்கள். 2005 ஜனவரியில் அந்த முயற்சி முறிந்தது. ஆனாலும் பேச்சு நடந்த மாதங்களில் சாவுகள் வெகுவாகக் குறைந்திருந்தன. அந்த மாதங்களில் வீடு திரும்பிய பிள்ளைகளை நினைத்தால், தோற்ற முயற்சி என்று அதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

நம் பக்கத்து அனுபவம் வேறு பாடம் சொல்கிறது. 1993இல் ராமநாதபுரத்தில் எஸ்.பி.யாக இருந்த பிரதீப் பிலிப், ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ் அமைப்பைத் தொடங்கினார். ஊர் இளைஞர்களைக் காவல் நிலையத்தோடு நெருங்க வைத்த நல்ல எண்ணம் அது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்தபோது, அந்த அமைப்பின் தன்னார்வலர் பெயரும் புகாரில் அடிபட்டது. அடுத்த மாதமே அரசு அந்த அமைப்பைத் தடை செய்தது. ரோந்துக்கும் கூட்டத்தை ஒழுங்குபடுத்தவும் இளைஞர்களை அழைத்தோம். காவலரை நோக்கிக் கேள்வி கேட்கும் உரிமையை அவர்களுக்குக் கொடுத்தோமா? அது இல்லாத நட்பு காவல் நிலையத்துக்குக் கூடுதல் கைகளைத்தான் தரும்.

சந்திரகிரிக்கு அருகே கல்யாணி அணைப் பக்கம் காவலர் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. அங்கே பயிலும் வாலிபர்களும் ஜவ்வாது மலையிலிருந்து கூலிக்குப் புறப்படும் வாலிபர்களும் ஏறக்குறைய ஒரே வயதினர். அவர்கள் சந்திக்க வேண்டும். கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொள்ளும் விழாவாக அது ஆகிவிடக்கூடாது. 2013 கோப்பும் 2015 கோப்பும் மேசைமேல் இருக்கட்டும். இறந்த வனத்துறையினரின் வீட்டாரும் சுடப்பட்ட 20 பேரின் வீட்டாரும் முதலில் பேசட்டும், தெலுங்கும் தமிழும் அறிந்தவர்கள் கூட இருக்கட்டும். கைது எப்படி நடக்க வேண்டும், எந்த நிலையில் சுடலாம், சுட்டால் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதைப் பயிற்சிக் காவலர் தம் வாயால் சொல்லட்டும். கோடரியைப் பிடித்து ஆளை நோக்கி ஓங்குவதில்லை என்று மலையிளைஞரும் சொல்லட்டும். இரண்டு மாநிலங்களின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்களும் நினைத்தால் இதைக் கூட்ட முடியும். அழைப்புக் கடிதம் ஆந்திரப் பக்கமிருந்து முதலில் வர வேண்டும், துப்பாக்கி அந்தப் பக்கம்தான் இருந்தது.