கரும்பு உறிஞ்சிய பொட்டாஷை யார் திருப்பித் தருவார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்தாகிவிட்டது, 2030-க்கு வைத்திருந்த இலக்கை ஐந்து ஆண்டு முன்னதாகவே எட்டிவிட்டோம் என்ற செய்தியைத் தங்கள் பத்திரிகை உட்பட எல்லாரும் கொட்டை எழுத்தில் போட்டீர்கள். நல்ல செய்திதான். ஆனால் அந்த எத்தனாலுக்குக் கரும்பு போட்ட விவசாயி ஒரு மூட்டை பொட்டாஷுக்குப் படும் பாட்டையும் கொஞ்சம் போடுங்கள்.

கரும்புக்கு மண் அணைக்கும் நேரம். திண்டிவனத்தில் தனியார் உரக்கடை ஒன்றில் சிவப்புப் பொட்டாஷ் கேட்டேன். மூட்டை 1,500 ரூபாய்க்கு மேல். சரி என்று பணத்தை எடுத்தால், கூடவே ஒரு நுண்ணூட்டப் பாக்கெட்டும் எடுத்தால்தான் பொட்டாஷ் என்கிறார் கடைக்காரர். வேண்டாம் என்றேன். "அப்ப அடுத்த லோடு வரட்டும்ணா, பாத்துக்கலாம்" என்று, இறக்கிய மூட்டையை மறுபடி அட்டியில் ஏற்றச் சொல்லிவிட்டார். பயிர் லோடுக்குக் காத்திருக்குமா? இரண்டையும் வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். விவசாயிகள் குறைகேட்புக் கூட்டத்தில் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. மொலாசஸிலிருந்து எடுக்கும் பொட்டாஷ் எங்கள் சொசைட்டிக்கு எப்போது வரும் என்று எழுந்து கேட்டேன். மேடையிலிருந்த அதிகாரி பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் கையிலிருந்த காகிதங்களைப் புரட்டினார். பிறகு, "அந்த உரத்தையெல்லாம் இங்க யாரும் கேக்கறதில்லையே. அடுத்தவர் பேசுங்க" என்று பதில் வந்தது. மைக்கையும் வாங்கிவிட்டார்கள். கேட்டவன் எதிரிலேயே நிற்கிறேன். என் முகத்தைப் பார்த்து, யாரும் கேட்பதில்லை என்கிறார்கள். மாதாமாதம் கூட்டம் போட்டுக் கையெழுத்து வாங்குவது இதற்குத்தானா?

தங்களுக்குத் தெரிந்த விஷயம்தான், அந்த மேடையில் இருந்தவர்களுக்காக எழுதுகிறேன். சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் மொலாசஸைப் புளிக்கவைத்து வடித்தால் எத்தனால். ஒரு லிட்டர் எத்தனால் வடித்தால் சுமார் பத்து லிட்டர் ஸ்பென்ட் வாஷ் மிஞ்சும். கறுப்பாக, மூக்கைப் பிடிக்கவைக்கும் கழிவு. அதை ஆற்றிலோ ஓடையிலோ விடக்கூடாது என்பது விதி. அதனால் சுண்டக் காய்ச்சிப் பாய்லரில் எரிக்கிறார்கள். எரித்தபின் சாம்பலில் தங்குவது பொட்டாஷ். அது ஆலைக்காரர் வீட்டுச் சொத்தல்ல. தழைச்சத்தைவிடப் பொட்டாஷை அதிகமாக உறிஞ்சும் பயிர் கரும்பு. கடன் வாங்கி நாங்கள் வயலில் போட்டதும், எங்கள் மண்ணிலேயே இருந்ததும் கரும்போடு லாரி ஏறிப் போய்ச் சாம்பலாகிறது.

அந்தச் சாம்பலைப் பக்குவப்படுத்தினால் 14.5 சதவீதப் பொட்டாஷ் உள்ள உரம் கிடைக்கும். மத்திய அரசு 2021-லேயே அதை மானியப் பட்டியலில் சேர்த்தது. 2024 பிப்ரவரியில் ஆலைகள் உரக் கம்பெனிகளுக்கு டன் 4,263 ரூபாய்க்கு விற்கலாம் என்று விலையும் முடிவானது. உரமாக்கும் ஆலைக்கு அப்போது டன்னுக்கு 345 ரூபாய் மானியம். நாட்டில் விற்பனையாகும் பொட்டாஷ் சாம்பல் சுமார் 5 லட்சம் டன், எடுக்க முடிந்ததோ 10 முதல் 12 லட்சம் டன் என்று அப்போது அரசே சொன்னது. பாதியாவது வீணாகிறது என்றுதானே அர்த்தம்? சிவப்புப் பொட்டாஷ் முழுவதையும் வெளிநாட்டிலிருந்து வாங்குகிற நாடு இப்படிச் செய்யலாமா?

சத்து குறைவு, கட்டுபடியாகாது என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். ஒரு மூட்டை சிவப்புப் பொட்டாஷில் 30 கிலோ சத்து. அதே 30 கிலோவுக்கு இந்த உரம் 207 கிலோ வேண்டும். 4,263 ரூபாய் விலையில் 900 ரூபாய்க்குள் முடிகிறது. நாலு மூட்டைக்கு மேல் தூக்க வேண்டும், வண்டி வாடகை உண்டு, எல்லாம் தெரியும். கனடாவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் கப்பலில் வரவழைக்கக் கட்டுபடியாகும்போது, விழுப்புரம் மாவட்டத்துக்குள் ஒரு டிராக்டர் ஓட்டுவதற்கு ஏன் ஆகாது? முண்டியம்பாக்கம், செம்மேடு, பெரியசெவலை என்று கரும்பாலைகள் உள்ள மாவட்டம் இது.

விலை பேசியது ஆலையும் உரக் கம்பெனியும். கரும்பு போட்டவனை யாரும் கூப்பிடவில்லை. சர்க்கரை, சக்கை, மொலாசஸ், பிரஸ்மட் இவற்றின் மதிப்பில் 70 சதவீதம் விவசாயிக்கு என்று 2012-இல் சர்க்கரைத் துறையை ஆராய்ந்த ரங்கராஜன் குழு சொன்னதே, அந்தக் கணக்கும் மொலாசஸோடு நின்றுவிட்டது. எத்தனாலில் பங்கில்லை, சாம்பலிலும் பங்கில்லை. 9.5 சதவீதமும் அதற்குக் கீழும் பிழிதிறன் உள்ள கரும்புக்கு 2025-26 பருவத்தில் மத்திய அரசு விலை டன்னுக்கு 3,290 ரூபாய் 50 காசு. அதில் உரத்துக்கும் வெட்டுக்கூலிக்கும் போக என்ன மிஞ்சும் என்று அந்த மேடையில் யாராவது ஒருவர் எழுதிக் காட்டட்டும்.

எத்தனால் வடிக்கும் ஒவ்வொரு ஆலையும் எவ்வளவு சாம்பல் எடுக்கிறது, யாருக்குக் கொடுக்கிறது என்பதை மாவட்ட நிர்வாகம் வெளியிட வேண்டும். கரும்பு பதிவு செய்த விவசாயிக்கு இந்த உரத்தைத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் மூலமாக, கூட எதையும் தலையில் கட்டாமல் கொடுக்க வேண்டும். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் எங்கள் மணிலா கடலைக்கும் இதைப் போட்டுப் பார்த்துச் சொன்னால் பெரிய உபகாரம்.

அடுத்த கூட்டத்திலும் இதே கேள்வியைக் கேட்பேன். தங்கள் நிருபரை அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கரும்பு விவசாயி,
திண்டிவனம் வட்டம்.