மறுமுனைக் குரலுக்கும் காப்பு வேண்டும்

"இது தொலைபேசியில் கதைக்கும் விடயமல்ல" என்று பேச்சை மாற்றுவது எம்மவரிடையே ஊறிப்போன பழக்கம். அரசின் காதுக்கு அஞ்சி வாழ்ந்த சமூகம் வேறெதைக் கற்றிருக்கும்? ஆனால் நாம் அடைக்கலம் புகுந்த கனடாவிலும் அரசுக்கு ஒரு காது உண்டு. அதனைச் சட்டம் எவ்வளவு தூரம் கட்டுப்படுத்துகிறது என்பதை நாம் அறிந்திருத்தல் அவசியம்.

ஒட்டாவாவிலுள்ள தொடர்பாடல் பாதுகாப்பு நிறுவனம் 1946இல் இரகசியமாகத் தோன்றியது. 1974இல் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்று அம்பலப்படுத்தும்வரை பொதுமக்கள் அதனை அறியார். சட்ட அடிப்படை கிடைத்தது 2001இல். தனிச்சட்டம் வந்தது 2019இல். அரச கணினிகளை ஊடுருவலிலிருந்து காப்பது அதன் ஒரு பணி. அக்காவல் எமக்கும் வேண்டியதே. அகதிக் கோரிக்கையாளர் ஒருவரின் வாக்குமூலம் பிறர் கையிற் சிக்குமாயின், ஊரிலுள்ள குடும்பத்தின் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

வெளிநாட்டுத் தொடர்பாடல்களை ஒட்டுக்கேட்பது அதன் மற்றைய பணி. இதிலேதான் எமது கவலை. கனடியரையோ கனடாவிலுள்ள எவரையுமோ இப்பணியில் குறிவைக்கலாகாது என்கிறது 2019ஆம் ஆண்டுச் சட்டம். 'எவரையும்' என்பதில் பிரஜாவுரிமை பெறாதோரும் விசாரணைக்குக் காத்திருப்போரும் அடங்குவர். பொலிசாரோ உள்நாட்டுப் புலனாய்வுச் சேவையோ தமது சட்ட அதிகாரத்துடன் உதவி கோரும்போது மட்டுமே நிலைமை வேறு. எனினும் கடல்கடந்து மறுமுனையில் பேசும் தாய்க்கு இக்காப்பு இல்லை. அவர் குறிவைக்கப்பட்டால், இம்முனையிலுள்ள மகனின் குரலும் அகப்படும். அமைச்சரின் அனுமதியும் புலனாய்வு ஆணையாளரின் ஒப்புதலும் இருப்பின் சட்டம் அதற்கு இடமளிக்கிறது. ஒரு முனைக்கு மட்டும் பூட்டுப் போட்ட வீட்டைக் காவலுள்ள வீடென்று எவ்வாறு கூறுவது?

அகப்பட்டவை எங்கு செல்கின்றன என்பதும் கேள்வியே. கனடியரின் அடையாளங்களை உரியவாறு மறைக்காது தொடர்பு விபரங்கள் நட்பு நாடுகளுக்கு வழங்கப்பட்டதை, 2016இல் வெளியான மேற்பார்வை ஆணையாளரின் அறிக்கை எடுத்துரைத்தது.

ஜேர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2020இல் வேறொரு பாதை காட்டியது. எல்லைக்கு வெளியேயுள்ள வெளிநாட்டவரை ஒட்டுக்கேட்கும்போதும் அரசு அடிப்படை உரிமைகளுக்குக் கட்டுப்பட்டதே எனத் தீர்ப்பளித்தது. கனடாவும் இந்நெறியை ஏற்கவேண்டும் என்பதே எமது நிலைப்பாடு.

மௌனம் எவரையும் காப்பதில்லை. இந்நிறுவனத்தின் செயல் குறித்து, பிரஜையல்லாதவர் உட்பட எவரும் முதலில் அதன் தலைவருக்கும், பதில் திருப்தி தராவிடின் தேசியப் பாதுகாப்பு மீளாய்வு முகவரகத்துக்கும் முறையிடலாம். வாக்குக் கேட்டு எமது மண்டபங்களுக்கு வரும் வேட்பாளர்களிடம், மாலை சூட்டுமுன் இக்கேள்வியை எமது சங்கங்கள் எழுப்பட்டும்.