தோசைக்கல்லா, டெஃப்லானா?

படாளத்தில் புதுத் தோசைக்கல்லை எண்ணெய் தடவித் தடவிக் காய்ச்சிப் பழக்குகிறார்களே, ஏன் தெரியுமா? சூட்டில் எண்ணெய் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, இரும்பின் நுண்குழிகளை மூடும் பாலிமர் படலமாகின்றன. பிறகு மாவு ஒட்டுவதில்லை. ஜன்னல் கிரில்லின் மேல் தூளைத் தூவி, சுமார் 200 டிகிரி செல்சியஸில் சுட்டு இறுக்கும் வண்ணப்பூச்சும் இப்படிப் பிணைந்த பாலிமர்தான்!

1938-இல் அமெரிக்காவில் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டுபிடித்த டெஃப்லான் இதைவிட நன்றாக வழுக்கும். ஆனால் சுமார் 260 டிகிரிக்கு மேல் அது சிதையத் தொடங்கும்; சூடு இன்னும் ஏறினால் எழும் புகை கூண்டுப் பறவைகளைக் கொன்றுவிடும். வெறும் சட்டியை அடுப்பில் மறந்துவிட்டால் அந்தச் சூடு சில நிமிடங்களில் வந்துவிடும். கீறல் விழுந்தாலோ வீட்டில் சரிசெய்ய வழியில்லை.

என் வாக்கு தோசைக்கல்லுக்கே. கனம் அதிகம்தான். புளி போட்டுத் தேய்த்துப் படலத்தைப் போக்கிவிட்டீர்களா? மறுபடியும் நல்லெண்ணெய் தடவிப் பழக்குங்கள்.