திரும்ப அழைப்பது அவமானமா?



மழைக்காலத்தில் மரக்கதவு நிலையோடு இறுகிக்கொண்டு திறக்க மறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஈரத்தை உறிஞ்சிய மரம் சற்றுப் பருக்கிறது. கதவுக்கும் நிலைக்கும் நடுவே இருந்த இடைவெளி மறைந்துவிடுகிறது. கதவென்றால் தோளால் ஓர் இடி இடித்துத் திறந்துவிடலாம். இதுவே ஓடும் காரின் பெட்ரோல் பம்புக்குள் நேர்ந்தால்?

2020 ஜூன் மாதத்தில் ஹோண்டா நிறுவனம் நம் நாட்டில் விற்ற 65,651 கார்களைப் பம்பு மாற்றுவதற்காகத் திரும்ப அழைத்தது. 2018-இல் தயாரான அமேஸ், சிட்டி, ஜாஸ் முதலிய வண்டிகள் அவை. அடுத்த மாதமே மாருதி சுசூகி நிறுவனம் வேகன் ஆர், பலேனோ கார்கள் 1,34,885-ஐப் பம்பு சோதனைக்காக அழைத்தது. 2024 அக்டோபரில் ஹோண்டா மேலும் 90,468 வண்டிகளை அழைத்தது.

பெட்ரோல் தொட்டிக்குள் இருக்கும் இப்பம்பில் சிறு பிளாஸ்டிக் சுழல்சக்கரம் ஒன்று உண்டு. அது சுழன்று பெட்ரோலை எஞ்சினுக்குத் தள்ளுகிறது. சக்கரத்துக்கும் உறைக்கும் இடையே மிகக் குறுகிய இடைவெளியே இருக்கும். 2020-இல் அமெரிக்காவிலும் டொயோட்டா, ஹோண்டா கார்கள் இத்தகைய பம்புக்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. அங்கே தரப்பட்ட விளக்கம் இதுதான்: வார்க்கும்போது அடர்த்தி குறைந்துபோன சக்கரம் நாளடைவில் பெட்ரோலை உறிஞ்சி உருமாறுகிறது, உறையில் உரசுகிறது, பம்பு நின்றால் எஞ்சினும் நிற்கிறது. நிறையைக் கனஅளவால் வகுத்தால் அடர்த்தி என்று தேர்வுக்காகப் படிக்கிறோமே, அதே அடர்த்திதான்!

திருச்சியிலிருந்து ஸ்ரீரங்கம் செல்லும் காவிரிப் பாலத்தில், பின்னால் பேருந்து நெருங்கும்போது கார் திடீரென நின்றால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். எஞ்சின் நின்றபின் பிரேக்கை ஓரிரு முறை மிதித்தாலே வெற்றிடத்தின் துணை தீர்ந்துபோகும். மிதி கல்லாக இறுகும்.

"நல்ல கம்பெனி என்றால் திரும்ப அழைக்குமா?" என்று பெரியவர்கள் சிலர் கேட்பதுண்டு. அதை நான் ஏற்கமாட்டேன். 1976-இல் திறக்கப்பட்ட அதே காவிரிப் பாலத்தை 2022 நவம்பரில் மூடிப் பழுதுபார்த்து, 2023 மார்ச்சில் மீண்டும் திறந்தார்கள். சுற்றிப் போக நேர்ந்ததால் நாம் முணுமுணுத்தோம். ஆனால் பாலத்தைப் பழுதுபார்ப்பது அவமானம் என்று எவரும் சொல்லவில்லை. கோளாறு தெரிந்தும் மறைப்பதே குற்றம்.

சிலவற்றில்தானே பழுது, எல்லாவற்றையும் ஏன் அழைக்க வேண்டும்? எந்தச் சக்கரம் பருக்கும் என்பது வெளியிலிருந்து தெரியாது. ஆகவே ஐயத்துக்குரிய தொகுதி முழுவதையும் சோதிப்பதே அறிவியல் முறை.

ஆனால் நிறுவனங்களிடம் எனக்கு ஒரு குறை உண்டு. 2020-இல் இங்கு வந்த ஹோண்டா அறிவிப்பு, சக்கரத்தில் குறை இருக்கலாம், எஞ்சின் நின்றுபோகலாம் என்ற அளவோடு நின்றது. ஏன் என்ற கேள்விக்கும் எளிய தமிழில் விடை தர வேண்டும். காரணம் புரியாதவர் 'ஓடுகிற வண்டிக்கு என்ன கேடு?' என்று வாளாவிருந்துவிடுவார். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, பழுதான வண்டிகளைத் திரும்பப் பெறுமாறு ஆணையிட அரசுக்கு அதிகாரம் தருகிறது. 2021 ஏப்ரல் முதல் அது நடைமுறையில் உள்ளது. எனினும், வண்டியைக் கொண்டுபோக வேண்டியவர் உரிமையாளர்தானே!

பழைய காரை வாங்கியவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நிறுவனத்தின் கடிதம் முந்தைய உரிமையாளர் வீட்டுக்குப் போயிருக்கலாம். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கார் இருந்தால், பதிவுச் சான்றிதழிலுள்ள சேஸிஸ் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் இணையதளத்திலோ சேவை நிலையத்திலோ அதைக் காட்டிக் கேட்கச் சொல்லுங்கள். திரும்ப அழைக்கப்பட்ட வண்டியில் பம்பு மாற்றக் காசு கேட்கமாட்டார்கள். அப்பா ஏன் என்று கேட்டால், மழைக்காலக் கதவைக் காட்டி விளக்குங்கள்.