வீட்டிலிருந்து எழுதுவோரின் கூலியும் உரிமையும்

வீட்டிலிருந்தபடியே இணையத்தில் எழுதிப் பொருள் ஈட்டலாம் என்று சொல்லப்படும்போது, தன்மையில் முற்றிலும் வேறுபட்ட இரண்டு தொழில்கள் ஒரே பெயரில் அழைக்கப்படுகின்றன. நிறுவனம் ஒன்று கேட்கும் பொருளில், கேட்கும் அளவில் கட்டுரை எழுதிக் கொடுத்து, சொல்லுக்கு இத்தனை பைசா என்று கூலி பெறுவது முதல் வகை. தனக்கென ஒரு வலைப்பூவைத் தொடங்கியோ, கதைகளை மின்னூலாக்கியோ தன் எழுத்தைத் தானே வெளியிட்டு, வாசகரால் வரும் விளம்பரப் பணத்தையோ விற்பனைத் தொகையையோ பெறுவது இரண்டாம் வகை. முன்னதில் எழுதுபவர் கூலியாள். பின்னதில் அவர் சிறு பதிப்பாளர். பணம் எப்போது வரும், எவ்வளவு காலம் வரும், எழுத்து யாருக்குச் சொந்தம், ஏமாற்றப்பட்டால் எந்தச் சட்டம் துணை நிற்கும் ஆகிய கேள்விகளுக்கு இவ்விரண்டிலும் கிடைக்கும் விடைகள் வேறு வேறானவை. இந்த வேறுபாட்டை அறியாமல் இறங்குபவர்களே பெரிதும் இழக்கின்றனர்.

வீட்டிலிருந்து எழுதுவது தமிழுக்குப் புதிதன்று. பள்ளிப் படிப்பு வாய்க்காத வை.மு.கோதைநாயகி அம்மாள், தாம் கதை சொல்லத் தோழி ஒருவர் எழுதிக்கொள்ளும் முறையில் எழுத்துலகுக்குள் வந்தவர். 1925இல் ‘ஜகன்மோகினி’ இதழை ஏற்று நடத்தத் தொடங்கி, தம் நாவல்களை அதில் தொடராக வெளியிட்டுப் பின்னர் நூலாக்கினார். அவர் எழுதிய நாவல்கள் 115 என்பர். எழுத்து, அது வெளியாகும் இதழ், அதன் சந்தாதாரர் ஆகிய மூன்றும் அவர் கையிலேயே இருந்தமையால்தான் அந்த முயற்சி பல பத்தாண்டுகள் நிலைத்தது. இன்று வலைப்பூ எழுதுபவருக்கு எழுத்து மட்டுமே சொந்தம். வெளியிடும் தளமும் வாசகரைக் கொண்டுவரும் வழியும் பிறருடையவை.

தமிழ் வலைப்பூக்களின் வரலாறு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. 1999இல் தொடங்கப்பட்ட பிளாக்கர் சேவையை 2003இல் கூகுள் வாங்கியது. வலைத்தளங்களில் விளம்பரம் இட்டு அதன் வருவாயைத் தள உரிமையாளருடன் பகிர்ந்துகொள்ளும் ஆட்சென்ஸ் திட்டமும் அதே ஆண்டில் வந்தது. தமிழில் வலைப்பூக்கள் பெருகி, அவற்றைத் திரட்டித் தரும் ‘தமிழ்மணம்’ 2004இல் உருவான பிறகும், ஆட்சென்ஸ் தமிழ்மொழியை அதிகாரப்பூர்வமாக ஏற்றுக்கொண்டது 2018 பிப்ரவரியில்தான். சமையல், பயணம், நூல் விமர்சனம், கணினி நுட்பம், நாட்டு மருத்துவம் என்று ஒரு தலைமுறை எழுதிக் குவித்த ஆண்டுகளில் அந்த உழைப்புக்கு முறையான ஊதிய வழி இல்லாதிருந்தது. அது திறந்தபோது வலைப்பூவின் பொற்காலம் முடிந்து, வாசகர்கள் முகநூலுக்கும் யூடியூபுக்கும் நகர்ந்துவிட்டிருந்தனர். அந்தக் காலத்தாழ்வு தமிழ் இணைய எழுத்துக்கு நேர்ந்த பெரிய இழப்பு.

விளம்பர வருவாய் இயங்கும் முறையை அறிந்தால், அதிலிருந்து எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதும் விளங்கும். ஒரு பக்கத்தை வாசகர் திறக்கும் கணத்தில், அங்குள்ள விளம்பர இடத்துக்காக விளம்பரதாரரிடையே தானியங்கி ஏலம் நடக்கிறது. வெளிநாட்டு வாசகர் ஆங்கிலத்தில் காப்பீடு பற்றிப் படிக்கும் பக்கத்துக்கு ஏலம் கேட்போர் பலர். தமிழில் கோயில் வரலாறு படிக்கும் பக்கத்துக்குச் சிலரே. ஆகவே ஒரே அளவு உழைப்புக்கு மொழியையும் பொருளையும் வாசகர் வாழும் நாட்டையும் பொறுத்து வருமானம் பன்மடங்கு வேறுபடும். அந்தப் பணமும் உடனே கைக்கு வராது: கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்கும் ரகசிய எண் அஞ்சலில் அனுப்பப்படும், 100 டாலர் சேர்ந்த பிறகே தொகை வங்கிக்குச் செல்லும். ஆயிரம் பார்வைக்கு ஒரு டாலர் கிடைப்பதாக ஒரு கணக்குக்கு வைத்துக்கொண்டால், முதல் தொகையைத் தொடுவதற்கு ஒரு லட்சம் பார்வைகள் வேண்டும். புதிய வலைப்பூவுக்கு அது பல மாத உழைப்பு.

வாசகர் வரும் வழியும் இப்போது குறுகிவருகிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியான பின், பொதுத் தகவல் கட்டுரைகளை இயந்திரமே நொடியில் எழுதித் தள்ளுவது எளிதாயிற்று. அவ்வாறு மொத்தமாக உற்பத்தி செய்யப்படும் பக்கங்களைத் தேடல் முடிவுகளிலிருந்து ஒதுக்கும் விதிகளைக் கூகுள் 2024 மார்ச்சில் கடுமையாக்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில், தேடுபவரின் கேள்விக்குத் தேடல் பக்கத்திலேயே செயற்கை நுண்ணறிவு விடையைத் தொகுத்துத் தரும் வசதி இந்தியாவுக்கு வந்தது. விடை அங்கேயே கிடைத்தபின், அந்த விடைக்கு மூலமான வலைப்பூவுக்குள் நுழைய வேண்டிய தேவை பலருக்கு இல்லை. இஞ்சியின் பயன்கள், அரசுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கும் முறை போன்ற, யார் எழுதினாலும் ஒன்றுபோல் இருக்கும் கட்டுரைகளை நம்பித் தொடங்குவோருக்கு இனி எதிர்காலம் குறைவு. ஒரு வட்டாரத்தின் சமையலை அடுப்படியில் நின்று அறிந்தவர், போட்டித் தேர்வுக்குப் பல்லாண்டு பயிற்றுவித்தவர், மானாவாரி நிலத்தில் பயிர் செய்து பார்த்தவர் ஆகியோரின் எழுத்துக்கு மட்டும் இன்னும் இடம் உண்டு. அந்த அறிவு வேறெங்கும் எழுதி வைக்கப்படாதது.

தமிழில் வீட்டிலிருந்து எழுதுவோருக்கு உண்மையாகவே ஓரளவு வருமானம் தந்த துறை தொடர்கதை. அதைப் பெருமளவில் வளர்த்தவர்கள் பெண்கள் என்பதும், தீவிர இலக்கிய உலகம் அவர்களை ஒரு பொருட்டாக மதித்ததில்லை என்பதும் சொல்லியாக வேண்டிய செய்திகள். மாத நாவல் மரபில் ரமணிசந்திரன் போன்றோரைப் படித்து வளர்ந்த வாசகியர் இணையத்தில் தாமே எழுதத் தொடங்கினர். வாரந்தோறும் வெளியாகும் அத்தியாயத்துக்கு ‘யூடி’ என்று ஒரு வழக்குச்சொல்லே அங்குப் பிறந்துவிட்டது. 2014இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட பிரதிலிபி செயலி இந்த எழுத்துக்குப் பெரிய வாசகர் கூட்டத்தைத் தந்தது. 2016 டிசம்பரில் அமேசானின் கிண்டில் தமிழ் மின்னூல்களை ஏற்றபோது அதற்கு விலையும் வந்தது. கதையைத் தளத்தில் தொடராக முடித்து, பின்னர் அதை அங்கிருந்து நீக்கிக் கிண்டிலில் நூலாக ஏற்றுவது வழக்கமாயிற்று. விற்பனை விலையில் நிபந்தனைகளுக்கேற்ப 35 அல்லது 70 விழுக்காடு எழுதியவருக்கு வரும்; மாதச் சந்தா செலுத்திப் படிப்போர் வழியே, படிக்கப்பட்ட பக்கங்களின் எண்ணிக்கைக்கேற்பத் தனியாக ஒரு தொகை வரும். இரண்டாவது வழியைத் தேர்ந்தவர் 90 நாள் தவணைகளில், அந்த மின்னூலை வேறெந்தத் தளத்திலும் வெளியிடுவதில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த நிபந்தனையைப் படிக்காமல் ஒப்புதல் தந்துவிட்டுப் பழைய தளத்தில் கதையை அப்படியே விட்டுவைத்தால் கணக்கே முடக்கப்படலாம்.

இத்துறையின் பெரும் புண் திருட்டுப் பிரதி. நூல் வெளியான சில நாட்களிலேயே அதன் பிடிஎஃப் கோப்பு டெலிகிராம் குழுக்களில் சுற்றத் தொடங்குகிறது. அனுமதியின்றி நாவலை வாசித்து ஒலிப்பதிவாக்கி யூடியூபில் ஏற்றி, அதன் விளம்பர வருவாயை வேறொருவர் எடுத்துக்கொள்கிறார். பிள்ளைகள் உறங்கியபின் இரவில் எழுதப்பட்ட ஒரு நாவலின் பலன் இவ்வாறு களவு போவதைச் சிறு குற்றமாகக் கருதும் மனநிலை வாசகரிடமும் இருக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் அந்தக் கோப்பைத் திறக்கும் ஒவ்வொருவரும், அடுத்த நாவல் எழுதப்படுவதற்கான வாய்ப்பைக் குறைக்கிறார்.

இந்த இடத்தில் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தை எழுதுவோர் அறிந்திருப்பது நல்லது. ஒரு நிறுவனத்தின் பணியாளராகச் சம்பளத்துக்கு எழுதியதன் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, நிறுவனத்துக்கே. அவ்வாறு பணியில் இல்லாமல் வீட்டிலிருந்து தனியராக எழுதித் தருபவரின் எழுத்து, அவர் கையொப்பமிட்டு எழுத்துமூலம் மாற்றித் தராதவரை அவருக்கே உரியது. மாற்றித் தரும் பத்திரத்தில் காலவரம்பு குறிப்பிடப்படாவிட்டால் அந்த மாற்றம் ஐந்து ஆண்டுகளுக்கே செல்லும் என்றும், நிலப்பரப்பு குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும் என்றும் சட்டத்தின் 19ஆம் பிரிவு கூறுகிறது. அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைவடிவம் ஆகியவை தனித்தனி உரிமைகள். ஒன்றைத் தந்தவர் மற்றவற்றையும் தந்துவிட்டதாக ஆகாது. சில ஆயிரம் ரூபாய்க்கு ‘அனைத்து உரிமைகளும், என்றென்றைக்கும்’ என்று எழுதிய தாளில் கையொப்பமிடுபவர், தம் எழுத்தின் எதிர்கால வருமானம் முழுவதையும் விற்றுவிடுகிறார்.

சொல்லுக்குக் கூலி பெறும் முதல் வகையினரின் நிலை இதைவிடக் கவலைக்குரியது. அவர்கள் எழுதியது பெயரின்றி வெளியாகிறது; திருத்தம் எத்தனை முறை கேட்கப்பட்டாலும் கூலி கூடுவதில்லை. 1000 சொற்களுக்கு, சொல் ஒன்றுக்கு 30 பைசா என்று கணக்கிட்டால் 300 ரூபாய். செய்தி திரட்டவும் எழுதவும் திருத்தவும் ஒரு முழுநாள் சென்றால் அது உடலுழைப்புக் கூலியிலும் குறைவு. இதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு முன்னோடி உண்டு. திருநெல்வேலி, தென்காசி வட்டாரங்களில் வீட்டிலிருந்து பீடி சுற்றும் பெண்கள் ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவர்கள். அவர்கள் வீட்டில் வேலை செய்தாலும் தொழிலாளரே என்று 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் ஏற்றுக்கொண்டது. அதை எதிர்த்து உற்பத்தியாளர்கள் தொடுத்த வழக்கில் 1974இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தை உறுதி செய்தது. அடையாள அட்டையும் வருங்கால வைப்பு நிதியும் அவர்களுக்குக் கிடைக்கப் பாதை அமைந்தது அவ்வாறுதான். எழுத்துக் கூலியாளருக்கு அப்படியொரு பாதை இன்னும் அமையவில்லை.

அமைப்பற்ற இந்தக் களத்தில் மோசடி எளிதாக நுழைகிறது. பக்கங்களைத் தட்டச்சு செய்து தரும் வேலை என்று விளம்பரம் செய்து, ஒப்பந்தத்தில் மின்னொப்பம் வாங்கி, கொடுத்த பணியில் பிழை மிகுதி என்று கூறி, ஒப்பந்த மீறலுக்கு இழப்பீடு கேட்டுப் போலி வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்புவது நாடெங்கும் நடக்கும் மோசடி முறை. காவல்துறை வரும் என்ற அச்சத்தில், வீட்டாருக்குச் சொல்லாமலேயே பணம் கட்டிவிடும் பெண்கள் உண்டு. ஒப்பந்த மீறல் உரிமையியல் வழக்குக்கு உரியது. அதற்காகக் கைது செய்வதாக மிரட்டுவதுதான் குற்றம். வேலை தருவதற்கு முன்பணம் கேட்பவர் எவரும் வேலை தருபவர் அல்லர் என்று கொள்ளலாம். பணம் இழந்தவர்கள் தாமதமின்றி 1930 என்ற தேசிய இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, வேலை தருபவருக்காகத் தம் வீட்டிலிருந்து பொருளோ சேவையோ ஊதியத்துக்கு உருவாக்கித் தருபவரை வீடுசார் தொழிலாளர் என்று வரையறுக்கிறது. சொல்லுக்குக் கூலி பெற்று எழுதுபவர் இந்த வரையறைக்குள் பொருந்துகிறார். இணையவழிப் பணிகளில் ஈடுபடுவோருக்காகத் தமிழ்நாடு அரசு 2023 டிசம்பரில் ஒரு நல வாரியத்தையும் அமைத்துள்ளது. எழுத்து, மொழிபெயர்ப்பு, மெய்ப்புத் திருத்தம் ஆகியவற்றை வீட்டிலிருந்து செய்வோரும் அதில் உறுப்பினராகலாம் என்பதை அரசு ஐயத்துக்கு இடமின்றி அறிவிக்க வேண்டும். கூலி, கெடு, திருத்தங்களின் எண்ணிக்கை, உரிமை ஆகியவற்றைக் குறிப்பிடும் எழுத்துமூல ஒப்பந்தத்தை வேலை தரும் நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்கவும் வேண்டும். அது நடக்கும்வரை, எந்தப் பணியையும் ஏற்பதற்கு முன் இந்த நான்கையும் மின்னஞ்சலிலாவது எழுதி வாங்கிக்கொள்ளுமாறு வீட்டிலிருந்து எழுதுவோரைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.